வளர்ந்தவருக்கும் ஆட்டிசம் உண்டு



ஆட்டிசம் என்ற சொல்லை இப்போது நீங்கள் பல இடங்களில் கேட்டிருப்பீர்கள். பேச்சு வராத பிள்ளைகள், பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பார்க்காத பிள்ளைகள் ஆகியோரைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல் அடிபடுகிறது. அரசாங்கக் கிளினிக்குகளில் 18 மாதக் குழந்தையின் தாயிடம், இதைக் கண்டறிவதற்கென்றே ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து விடை வாங்குகிறார்கள். ஆனால் இன்று நான் பேச வந்தது பிள்ளைகளைப் பற்றியன்று. முப்பது, நாற்பது, ஐம்பது வயதைக் கடந்த பெரியவர்களைப் பற்றி. அந்த வயதில் ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்பதை எப்படித் தெரிந்து கொள்வது? யாரிடம் போவது? தெரிந்து கொள்வதால் என்ன பயன்? அதற்குக் குடும்பத்தார் செய்ய வேண்டியது என்ன? இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஆட்டிசம் என்பது வயது வந்த பிறகு புதிதாக வந்து ஒட்டிக்கொள்ளும் நோயன்று. மூளை வளரும் விதத்தில், பிறவியிலிருந்தே அமைந்துவிட்ட ஒரு வேறுபாடு. ஆட்டிசம் உள்ள குழந்தை வளர்ந்து ஆட்டிசம் உள்ள பெரியவராக ஆகிறது. 2021ஆம் ஆண்டுக்கான உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கிறது. அவர்கள் எல்லாரும் பிள்ளைகள் அல்லர். அப்படியானால் பெரியவர்கள் எங்கே இருக்கிறார்கள்? நம்மோடுதான் இருக்கிறார்கள். வேறு பெயர்களால் அவர்களை அழைத்துக் கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

எடுத்துக்காட்டுக்காக ஒரு குடும்பத்து அண்ணனை நினைத்துக் கொள்வோம். வயது நாற்பத்திரண்டு. செம்பனைத் தோட்டத்தில் வேலை. வேலையில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை. கொடுத்த நிரையை ஒரு மரம் விடாமல் முடிப்பார். ஆனால் மண்டோர் திடீரென்று வந்து, "இன்றைக்கு அந்தப் பக்கம் வேண்டாம், இந்தப் பக்கம் போ" என்றால் முகம் வெளுத்துவிடும். சில நாள் வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கே வந்துவிடுவார். கல்யாண வீட்டில் போய் உட்கார மாட்டார். கோயில் திருவிழாவில் உறுமி மேளம் தொடங்கினால் காதைப் பொத்திக் கொண்டு லயத்துக்குப் பின்னால் போய் நிற்பார். சோறும் குழம்பும் ஒன்றோடொன்று படக்கூடாது. பஸ் நம்பர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். வேடிக்கையாக ஒருவர், "எனக்கே காது குத்துகிறாயா?" என்று கேட்டால், "நான் எங்கே குத்தினேன்?" என்று உண்மையாகவே கேட்பார். விருந்து கொடுத்தவர் "சாப்பாடு எப்படி?" என்று கேட்டால், "உப்பு அதிகம்" என்று முகத்துக்கு நேரே சொல்வார். அவரிடம் கெட்ட எண்ணம் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார்.

இந்த அண்ணனுக்கு ஊரில் எத்தனை பெயர்! திமிர் பிடித்தவன் என்பார் ஒருவர். ஒரு மாதிரியான ஆள் என்பார் மற்றொருவர். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று சொல்லி, கயிறும் தகடும் வாங்கப் பணம் கேட்பார் இன்னொருவர். ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று உறவினர் சொல்வார்கள்.

இனி ஒரு தங்கையை நினைத்துப் பாருங்கள். சிறு வயதில் அவளை யாரும் குறை சொன்னதில்லை. பேசமாட்டாள், வெளியே போகமாட்டாள், ஒரு மூலையில் உட்கார்ந்து புத்தகம் படிப்பாள். "அடக்கமான பெண்" என்று பாராட்டினார்கள். மற்றப் பெண்கள் எப்படிச் சிரிக்கிறார்கள், எப்போது தலையாட்டுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து அதைப் போலவே செய்யப் பழகிக் கொண்டாள். தொழிற்சாலை வேலைக்குப் போய், நாள் முழுதும் அப்படி நடித்துவிட்டு வீடு திரும்பினால், விளக்கை அணைத்துப் படுத்து விடுவாள். சோம்பேறி என்றார்கள். பெண்களிடம் ஆட்டிசம் இப்படி மறைந்து கிடப்பது உண்டு. நான்கு ஆண்களுக்கு ஒரு பெண் என்று நெடுங்காலம் சொல்லி வந்த கணக்கைப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வாளர்கள், 2017ஆம் ஆண்டில், மூன்று ஆண்களுக்கு ஒரு பெண் என்பதே உண்மைக்கு நெருக்கம் என்றார்கள். விடுபட்ட பெண்கள் பலர் என்பதுதான் இதன் பொருள்.

நான் சொன்ன ஏதாவது ஒரு குணம் இருந்தாலே அது ஆட்டிசம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கூச்சம் உள்ளவர்கள் எத்தனையோ பேர். சத்தம் பிடிக்காதவர்களும் எத்தனையோ பேர். மருத்துவர்கள் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஒன்று, பிறரோடு பேசுவதிலும், சொல்லாமல் சொல்வதைப் புரிந்து கொள்வதிலும், உறவைத் தொடங்கி நிலைநிறுத்துவதிலும் உள்ள சிரமம். மற்றொன்று, ஒரே மாதிரியான அசைவு அல்லது பேச்சு, மாறாத வழக்கம், ஒரே பொருளின் மேல் தீராத ஆர்வம், சத்தம், ஒளி, வாசனை, தொடுதல் போன்றவை அளவுக்கு மீறி உறைப்பது அல்லது உறைக்காமலே இருப்பது. இந்த இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். அவை சின்ன வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். அன்றாட வாழ்க்கைக்கு இடைஞ்சலாகவும் இருக்க வேண்டும்.

அப்படியானால் சின்ன வயதில் இவர்களை ஏன் யாரும் கண்டுகொள்ளவில்லை என்று நீங்கள் கேட்கலாம். மருத்துவ உலகமே இதை மெல்ல மெல்லத்தான் தெரிந்து கொண்டது. அமெரிக்காவில் லியோ கேனர் என்ற மருத்துவர் 1943ஆம் ஆண்டில் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் தொடக்கம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஆட்டிசத்துக்குத் தனி இடம் கிடைத்தது 1980ஆம் ஆண்டில். அப்போதும், பேச்சு மிகவும் பின்தங்கிய சிறு குழந்தைகளையே அது கருதியது. நன்றாகப் பேசுகிறவர்கள், பள்ளிக்குப் போகிறவர்கள், வேலை பார்க்கிறவர்கள் ஆகியோரிடமும் இது இருக்கலாம் என்பதை லண்டன் மருத்துவர் லோர்னா விங் 1981ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். தனித்தனிப் பெயர்களில் இருந்தவற்றை ஒரே பெயரின் கீழ் கொண்டு வந்தது 2013ஆம் ஆண்டில். ஆகவே, 1970களிலும் 1980களிலும் தோட்டத்தில் பிறந்த ஒரு பிள்ளைக்கு டிரஸரும் ஆசிரியரும் ஆட்டிசம் என்று பெயர் சொல்லியிருக்க வழியே இல்லை. அதில் யாருடைய குற்றமும் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பழைய தோட்ட வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் மணி அடிக்கும். பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். அதே மலைக்காடு, அதே நிரை, அதே மரங்கள். பால் எடுக்க ஒரு நேரம், நிறுக்க ஒரு நேரம். பேச்சு அதிகம் தேவையில்லை. அண்டை வீட்டார் எல்லாரும் பிறந்ததிலிருந்து பார்த்த முகங்கள். மாற்றத்தைத் தாங்காத ஒருவருக்கு இப்படிப்பட்ட ஒழுங்கு ஒரு ஊன்றுகோலாக இருந்திருக்கும். பின்பு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் போயின. ஷிப்டு வேலை, நேர்முகத் தேர்வு, கூட்டம் நிறைந்த பஸ், மேல்மாடி வீட்டுச் சத்தம் எல்லாம் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தன. ஊன்றுகோல் போன பிறகுதான் நடையில் உள்ள சிரமம் தெரியும். மருத்துவக் கையேடும் இதையே ஒப்புக் கொள்கிறது. அறிகுறிகள் சின்ன வயதிலேயே இருந்தாலும், ஒருவரின் சக்திக்கு மீறிய தேவைகள் வரும்வரை அவை முழுமையாக வெளிப்படாமல் இருக்கலாம் என்று அது கூறுகிறது. "தோட்டத்தில் இருந்தபோது நன்றாகத்தானே இருந்தான், டவுனுக்கு வந்துதான் கெட்டுப் போனான்" என்று ஒரு தாய் சொன்னால், அந்தச் சொல்லையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அது ஒரு முக்கியமான செய்தி.

தாய் என்று சொன்னதும், தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. கைப்பிள்ளையை இருட்டோடு ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போனவர்கள் நீங்கள். "பக்கத்தில் இருந்து கொஞ்சி வளர்க்கவில்லையே, அதனால்தான் இப்படி ஆனானோ?" என்ற கேள்வி உங்களில் சிலர் நெஞ்சில் முள்ளாக இருக்கலாம். ஒரு காலத்தில் படித்தவர்களே இப்படிச் சொன்னார்கள். தாயின் அன்பு குறைந்ததால் ஆட்டிசம் வருகிறது என்று 1950களிலும் 1960களிலும் மேல்நாட்டில் புத்தகம் எழுதினார்கள்; எத்தனையோ தாய்மார்கள் கண்ணீர் விட்டார்கள். அந்தக் கொள்கை பொய்யென்று தெரிந்துவிட்டது. 1977ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 21 ஜோடி இரட்டையரை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிறந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவிலிருந்து பிறந்த 10 ஜோடிகளில் ஒரு ஜோடியில்கூட இருவருக்கும் இல்லை. இரண்டு வகையினரும் ஒரே வீட்டில் ஒரே தாயால் வளர்க்கப்பட்டவர்கள்தாம். வேறுபாடு வளர்ப்பில் இல்லை, பிறப்போடு வந்ததில் இருக்கிறது என்பதை அந்த ஆய்வு காட்டியது. பின்பு வந்த பெரிய ஆய்வுகள் அதை உறுதி செய்தன. தடுப்பூசியாலும் ஆட்டிசம் வருவதில்லை. அப்படிச் சொன்ன 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010ஆம் ஆண்டில் திரும்பப் பெற்றுக்கொண்டது. எனவே, ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த முள்ளை எடுத்து எறிந்துவிடுங்கள்.

இனி வழிமுறைக்கு வருவோம். வளர்ந்த ஒருவர் தமக்கு ஆட்டிசம் இருக்கலாம் என்று நினைத்தால், நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை. அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அங்கே குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. "எனக்கு மனம் சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் தூக்க மாத்திரையோடு திருப்பி அனுப்பிவிடக்கூடும். "எனக்குச் சின்ன வயதிலிருந்தே இன்னின்ன சிரமங்கள் இருக்கின்றன, ஆட்டிசமா என்று பரிசோதிக்க வேண்டும், மனநலப் பிரிவுக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் வேண்டும்" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். வாய் வராது என்றால் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். அந்தக் கடிதத்தோடு அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கோ பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்கோ போகலாம். அரசாங்க ஆஸ்பத்திரி நிபுணரைப் பார்ப்பதற்கான கட்டணம் 5 வெள்ளிக்கு மேல் போகாது. ஆனால் தேதி கிடைக்க மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டி வரலாம். தனியார் மனநல மருத்துவரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ போனால் விரைவில் முடியும். செலவோ பல நூறு வெள்ளியிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் போகும்.

மனநலப் பிரிவு என்றதும், "பைத்தியக்காரப் பட்டம் கட்டிவிடுவார்களே" என்று அஞ்ச வேண்டாம். ஆட்டிசம் பைத்தியமன்று. வளர்ந்தவர்களைப் பார்த்து இதைத் தீர்மானிக்கப் பயிற்சி பெற்றவர்கள் அந்தப் பிரிவில் இருக்கிறார்கள் என்பதால்தான் அங்கே போகிறோம்.

அங்கே என்ன செய்வார்கள்? ஊசி போட மாட்டார்கள். இரத்தத்திலோ தலைப் படத்திலோ ஆட்டிசம் தெரியாது. எல்லாம் பேச்சும் கேள்வியும் கவனிப்பும்தாம். ஒருமுறைக்கு மேலும் வரச் சொல்லலாம். சில தாள்களைக் கொடுத்துக் கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்வார்கள். அந்தத் தாளில் கிடைக்கும் எண்ணிக்கை மட்டும் முடிவாகாது. கூச்ச நோய், ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து வருத்தும் நோய், கவனக் குறைவு, மனச்சோர்வு ஆகியவை ஆட்டிசம் போலத் தோன்றலாம்; ஆட்டிசத்தோடு சேர்ந்தும் இருக்கலாம். அவற்றைப் பிரித்தறிவதுதான் நிபுணரின் வேலை. முன்பு வேறு நோயென்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தால், அந்த மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மாத்திரை உறைகளையும் பழைய சீட்டுகளையும் கையோடு எடுத்துச் சென்று காட்ட வேண்டும்.

மலாயோ ஆங்கிலமோ சரளமாக வராதவர்கள், தமிழ் தெரிந்த மருத்துவரோ தாதியோ கிடைப்பாரா என்று முன்கூட்டியே கேட்டு வைக்கலாம்; இல்லாவிட்டால் நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லலாம். ஒரு நுணுக்கமான செய்தியையும் சொல்லி வைக்கிறேன். "கண்ணைப் பார்த்துப் பேசுவாரா?" என்று மருத்துவர் கேட்பார். நம் வழக்கத்தில் பெரியவர் முன் கண்ணைத் தாழ்த்துவது மரியாதை. ஆகவே, மரியாதைக்காகப் பார்க்கவில்லையா, தம்பி தங்கையிடம் பேசும்போதுகூடப் பார்க்க முடியவில்லையா என்பதை விளக்கிச் சொல்ல வேண்டும். இந்த வேறுபாடு மருத்துவருக்குத் தெரிந்தால்தான் முடிவு சரியாக இருக்கும்.

நேயர்களே, இந்தப் பேச்சில் நீங்கள் மறக்காமல் மனத்தில் வைக்க வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. அறிகுறிகள் சின்ன வயதிலேயே இருந்தனவா என்பது மருத்துவருக்குத் தெரிய வேண்டும் என்று சொன்னேன். நாற்பது வயதுக்காரருக்குத் தமது இரண்டாம் வயது நினைவிருக்குமா? இராது. அதைத் தெரிந்தவர்கள் அவருடைய தாய், தகப்பனார், மூத்த அக்கா, பாட்டி, ஆயாக்கொட்டகையில் வைத்துப் பார்த்துக்கொண்ட அம்மாள் ஆகியோர்தாம். அவர்களுடைய நினைவுதான் இந்த வழக்குக்குச் சாட்சி. அந்தச் சாட்சிகளுக்கு இன்று அறுபதும் எழுபதும் எண்பதும் வயதாகிறது. அவர்கள் கண்மூடிவிட்டால் அந்த நினைவும் அவர்களோடு போய்விடும்.

ஆட்டிசத்தின் வரலாறே இப்படிப்பட்ட ஒரு சாட்சியத்தில்தான் தொடங்கியது. கேனர் எழுதிய 11 பிள்ளைகளில் முதலாமவர் டோனல்டு டிரிப்லெட். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் 1933ஆம் ஆண்டில் பிறந்தவர். 1938ஆம் ஆண்டில் அவரை மருத்துவரிடம் காட்டுவதற்கு முன்பு, தகப்பனார் தம் மகனைப் பற்றி 33 பக்கத்துக்குத் தட்டச்சில் ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். எப்போது பேசினான், எதைச் சுழற்றி விளையாடினான், எதற்கு அழுதான், எதை மனப்பாடம் செய்தான் என்று பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார். ஆட்டிசம் என்ற தனி நிலை ஒன்று இருப்பதாக மருத்துவர் உணர்வதற்கு அந்தக் கடிதம் பெரிதும் உதவியது.

அந்த டோனல்டு பிற்பாடு என்ன ஆனார் என்பதும் நமக்குப் பாடமாக இருக்கும். சிறுவனாக இருந்தபோது அவரைச் சில ஆண்டுகள் ஒரு விவசாயக் குடும்பத்தில் விட்டு வைத்தார்கள். சோள வரிசைகளை ஓயாமல் எண்ணிக் கொண்டே இருப்பது அவர் வழக்கம். அந்த விவசாயி அவரைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. கையில் குதிரையையும் ஏரையும் கொடுத்து, உழுதுகொண்டே எண்ணு என்று விட்டுவிட்டார். கேனர் 1945ஆம் ஆண்டில் போய்ப் பார்த்தபோது, பையன் நீளமான வரிசைகளை அழகாக உழுது, குதிரையைத் திருப்பிக் கொண்டிருந்தான். பின்பு அவர் கல்லூரியில் படித்து 1958ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். சொந்த ஊர் வங்கியில் வேலை பார்த்தார். கார் ஓட்டினார், கோல்ஃப் விளையாடினார், பல நாடுகளைச் சுற்றிப் பார்த்தார். 2023ஆம் ஆண்டில், 89 வயதில் காலமானார். அவருடைய குடும்பம் வசதியான குடும்பம் என்பது உண்மைதான். ஆனால் எண்ணுகிறவனுக்கு எண்ணும் வேலையைக் கொடுத்த அந்த விவசாயிக்குப் பணம் தேவைப்படவில்லை. நிரை பிடித்து வேலை செய்த நமக்கு அது புரியாத கணக்கா?

ஆகவே, உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். அம்மாவுக்கு எழுத வராவிட்டால் பேரப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதட்டும். எதைக் கேட்பது? எந்த வயதில் பேசினான். சொன்னதையே திரும்பச் சொன்னானா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பினானா? விமானம் பறந்தால், "அதோ" என்று விரலை நீட்டிக் காட்டினானா? மற்றப் பிள்ளைகளோடு சோறு பொங்கி, கடை வைத்து விளையாடினானா, அல்லது ரப்பர்க் கொட்டைகளைத் தனியே வரிசையாக அடுக்கிக் கொண்டிருந்தானா? எந்தச் சத்தத்துக்கு அலறினான்? எந்தச் சட்டையைப் போட மறுத்தான்? எதைத் தவிர வேறெதையும் சாப்பிட மாட்டான்? வழக்கமான பாதையை மாற்றினால் என்ன செய்தான்? வலிப்பு வந்ததா, தலையில் அடிபட்டதா, கடுங்காய்ச்சல் கண்டதா? ஆசிரியர் என்ன குறை சொன்னார், எதைப் பாராட்டினார்? நல்ல குணங்களையும் எழுதுங்கள். பழைய பள்ளி ரிப்போர்ட்டு, கிளினிக் அட்டை, புகைப்படம் ஏதாவது இருந்தால் அதனுள் வைத்து மூடுங்கள். அந்த நோட்டை மருத்துவரிடம் கொண்டு போங்கள். முடிந்தால் அம்மாவையும் அழைத்துப் போங்கள்.

தாயும் தந்தையும் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். அண்ணன், அக்கா, அத்தை, பழைய லயத்து அண்டை வீட்டார் ஆகியோர் சொல்வதும் பயன்படும். ஒருவருமே இல்லாவிட்டாலும் உள்ளதை வைத்து நிபுணர் ஆராய்வார்.

ஆட்டிசம் என்று உறுதியானால் அதனால் என்ன பயன்? மாத்திரை கொடுத்துக் குணப்படுத்தி விடுவார்களா? மாட்டார்கள். ஆட்டிசத்தைப் போக்கும் மருந்து உலகில் இல்லை. போக்குவதாகச் சொல்லிப் பொடியோ சொட்டு மருந்தோ விற்பவர்களிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். ஆனால் கூடவே இருக்கும் மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை, வலிப்பு ஆகியவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அது பலனும் தரும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருவதாக ஒருவர் சொன்னால், தேதிக்காகக் காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போக வேண்டும்.

இரண்டாவது பயன், சலுகைகள். 2008ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டத்தை ஒட்டி, சமூக நல இலாகாவில் பதிந்துகொண்டு ஓ.கே.யு. அட்டை பெறலாம். ஆட்டிசம் அங்கே கற்றல் குறைபாட்டுப் பிரிவில் சேர்க்கப்படுகிறது. பெயர் அப்படி இருப்பதால் படிக்கத் தெரியாதவர் என்று பொருளில்லை. மருத்துவர் பூர்த்தி செய்து கையொப்பமிட்ட பாரம், அடையாளக் கார்டு, புகைப்படம் ஆகியவை வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டண விலக்கு, தகுதி உள்ளவர்களுக்கு மாத உதவித்தொகை, வேலை தேட உதவி ஆகியவற்றுக்கு அந்த அட்டை வழிவிடும். அரசாங்க வேலைகளில் 1 விழுக்காட்டை இத்தகையோருக்கு ஒதுக்கும் கொள்கையும் நம் நாட்டில் உண்டு. அட்டை எடுப்பது கட்டாயமன்று, அவரவர் விருப்பம்.

மூன்றாவது பயன் வீட்டுக்குள்ளேயே கிடைக்கும். அதற்குச் செலவும் இல்லை. வேலையில் மாற்றம் வந்தால் முதல் நாளே சொல்லிவிடலாம். நீட்டி முழக்காமல், "கடைக்குப் போய் இரண்டு கிலோ அரிசி வாங்கி வாருங்கள்" என்று நேராகச் சொல்லலாம். திருவிழாவில் மேளம் தொடங்குமுன் சாமி கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போக விடலாம். கல்யாணத்துக்கு வந்து அரை மணி நேரம் இருந்தால் போதும் என்று ஒப்புக் கொள்ளலாம். முதலாளியிடம் விவரம் சொல்லி, வாயால் ஏவுவதை எழுதிக் கொடுக்கக் கேட்கலாம். யாரிடம் எவ்வளவு சொல்வது என்பதை மட்டும் அவரே முடிவு செய்ய வேண்டும். கல்யாணப் பேச்சு நடந்தால் மறைக்காமல் சொல்வது நல்லது. கட்டிவைத்துப் பார்க்கலாம் என்று துணிந்தால் இரண்டு பேருடைய வாழ்க்கை வீணாகக்கூடும். எல்லாம் தெரிந்து மனம் ஒப்பி வரும் துணையோடு நிறைவாக வாழ்பவர்களும் உண்டு.

கூட்டிப் போவதற்குமுன் அவருடைய சம்மதத்தைக் கேளுங்கள். பொய் சொல்லி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போகாதீர்கள். "உன்னைச் சரிசெய்யப் போகிறோம்" என்று சொன்னால் யாருக்குத்தான் போக மனம் வரும்? "உனக்கு எது சிரமமாக இருக்கிறது என்று எங்களுக்கும் தெரிய வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள்.

தாய்க்குத் தலைக்குமேல் தொங்கும் கவலை ஒன்று உண்டு. "நான் போன பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?" என்பதே அது. அந்தக் கேள்விக்கு ஒரு மருத்துவச் சீட்டு முழு விடையாகாது. ஆனால் தம்பியும் தங்கையும் மருமகளும் அவரைத் திமிர் பிடித்தவர் என்று நினைத்துப் பார்ப்பதற்கும், அவருக்கு எது தாங்கும், எது தாங்காது என்று தெரிந்து பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. அம்மா இருக்கும்போதே அந்த நோட்டுப் புத்தகத்தை எழுதத் தொடங்குங்கள். மருத்துவருக்குக் காட்டிய பிறகும் அதை எறிந்துவிடாமல் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு அவரோடு வாழப் போகிறவர்களுக்கு அது வேண்டியிருக்கும்.